பாதியில் நின்ற லிஃப்ட்: பழைய மாஸி பெர்குசனோடு ஐந்து நாள்

காலை ஆறு மணிக்கு, டிராக்டரின் லிஃப்ட் பின்னால் மாட்டியிருந்த ரொட்டாவேட்டரை, அதாவது சேறடிக்கிற சுழல் கலப்பையை, தூக்கச் சொன்னால் தூக்கியது. பத்து மணிக்குப் பாதி உயரத்தில் நின்றுவிட்டது. ஆக்ஸிலரேட்டரை ஏற்றினால் இன்னும் நாலு விரற்கடை மேலே போகும். காலை எடுத்தால் மெல்ல இறங்கும். ஜூலை முதல் வாரம், குறுவைக்குச் சேறடிக்கிற நேரம். மேட்டூரில் திறந்த தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. வயலின் கடைசியில் திரும்பும்போது ரொட்டாவேட்டர் முழுசாக மேலே ஏறவில்லை என்றால் வரப்பைச் சரித்துக்கொண்டு போகும். மூன்று வரப்பு போன பிறகு ஓட்டுகிற அண்ணன் வண்டியைக் கரையேற்றிவிட்டு வந்து, "தம்பி, இனிமே இதுல ஓட்டுனா வரப்பு வெட்ட ஆள் விடணும்" என்றார்.

வண்டி மாஸி பெர்குசன் 1035, முப்பத்தாறு குதிரைத்திறன், மூன்று சிலிண்டர். மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊருக்கு அப்பா இதைப் பழைய வண்டியாகத்தான் வாங்கி வந்தார். அதுவே இருபது வருடம் ஆகிவிட்டது. லிஃப்ட் 1,100 கிலோ தூக்க வேண்டிய வண்டி. எங்கள் ரொட்டாவேட்டர் சேறு ஒட்டியிருந்தாலும் நானூறு கிலோவைத் தாண்டாது. அதைத் தூக்க முடியவில்லை என்றால் எங்கோ பெரிய பிசகு இருக்கிறது.

பக்கத்து ஊர்ப் பட்டறையில் கேட்டோம். வண்டியைப் பார்க்காமலே, "பம்பு போயிருக்கும், புதுசு மாட்டிடுங்க" என்றார்கள். இந்த வண்டியில் ஹைட்ராலிக் பம்பு வெளியே இல்லை. கியர் பெட்டிக்குப் பின்னால், நடுக்கூட்டுக்குள் எண்ணெயில் முங்கி உட்கார்ந்திருக்கும். அதை எடுக்க வண்டியைப் பாதிக்குப் பாதி பிரிக்க வேண்டும். குறுவை நேரத்தில் அதற்கு ஒரு வாரம் போகும். பம்புதான் போயிருக்கிறது என்பதற்கு ஒரு அத்தாட்சியாவது கிடைத்த பிறகே அதில் கை வைப்பது என்று முடிவு செய்தேன். சித்தப்பாவைக் கூப்பிட்டேன். அரசுப் பேருந்துப் பணிமனையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டிராக்டரில் அவருக்குப் பழக்கம் குறைவு. ஆனால் எதையும் கழற்றுவதற்கு முன்னால் அரை மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் பழக்கம் உண்டு. எனக்கு அதுதான் தேவைப்பட்டது.

இந்த வண்டியின் லிஃப்ட் எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவது அப்போதுதான் பிடிபடும். இன்ஜின் சுழற்சியைப் பின்னால் மாட்டுகிற கருவிக்குக் கொண்டுபோகிற பி.டி.ஓ. தண்டு பம்புக்குள்ளேயே நுழைந்து போகிறது. தண்டு சுற்றினால் பம்பின் நாலு பிஸ்டனும் மாறி மாறி எண்ணெயைத் தள்ளும். அதனால் பி.டி.ஓ. லீவர் நியூட்ரலில் இருந்தால் லிஃப்ட் ஏறாது. பம்பிலிருந்து ஒரு குத்துக்குழாய் செங்குத்தாக மேலே போய் லிஃப்ட் கவரில் சேரும். கவரின் அடிப்பக்கம் படுக்கை வாட்டில் ஒரு சிலிண்டர், அதற்குள் ஒரு பிஸ்டன். எண்ணெய் பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் ஒரு ராடைத் தள்ள, அது குறுக்குத் தண்டைத் திருப்ப, இரண்டு லிஃப்ட் கையும் மேலே வரும். இறங்குவதற்குத் தனியாக எந்த விசையும் கிடையாது. எண்ணெயை வெளியே விட்டால் கலப்பை தன் பாரத்தாலேயே இறங்கும்.

இதில் நான் மிகவும் மதிக்கிற ஒரு விஷயம், கட்டுப்படுத்தும் வால்வு பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் இருப்பது. லீவரை ஏற்றினால்தான் பம்புக்குள் எண்ணெய் போகும். மற்ற நேரம் பம்பு வெறுமனே சுற்றும், எண்ணெய் சூடாகாது. ஹாரி பெர்குசனின் இந்த முறை 1939இல் ஃபோர்டு 9என் டிராக்டரில் வந்தது. எத்தனையோ மாற்றங்களுக்குப் பிறகும் அடிப்படை மாறாமல், சென்னையில் 1960இல் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் வண்டிகள் வழியாக நம் வயலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. சுத்தமான எண்ணெய் மட்டும் கொடுத்தால் தலைமுறை தாண்டி உழைக்கிற ஏற்பாடு இது. நாங்கள் அந்த ஒன்றைக் கொடுக்கவில்லை என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது.

சித்தப்பா முதலில் கேட்டது எண்ணெய். டிப்ஸ்டிக் வண்டியின் வலப்பக்க மூடியில் இருக்கிறது. எடுத்துப் பார்த்தால் அளவு சரியாக இருந்தது, கோட்டுக்குக் கொஞ்சம் மேலேயே இருந்தது. அளவு குறையாததால்தான் ஆறு மாதமாக யாரும் சந்தேகப்படவில்லை. குச்சியைத் துடைத்துவிட்டு மறுபடி முக்கி எடுத்து வெயிலில் பிடித்தோம். பால் விட்ட டீ மாதிரி நிறம். விரலில் எடுத்துத் தேய்த்தால் வழுக்காமல் குழைந்தது. தண்ணீர் இறங்கியிருக்கிறது.

அன்று வண்டியை நகர்த்தாமல் ராத்திரி முழுக்க அப்படியே விட்டோம். மறுநாள் காலை ஸ்டார்ட் பண்ணாமல் அடியில் உள்ள டிரெயின் பிளக்கை மெல்ல, கால் சுற்று கால் சுற்றாகத் தளர்த்தினேன். முதலில் வந்தது எண்ணெய் இல்லை, துரு கலந்த தண்ணீர். ஒரு லிட்டர் பாட்டில் நிரம்பி, இரண்டாவது பாட்டிலில் கால்வாசி வந்த பிறகுதான் எண்ணெய் தலைகாட்டியது. பிளக்கை ஒரேயடியாகக் கழற்றியிருந்தால் எல்லாம் கலந்து விழுந்து, எவ்வளவு தண்ணீர் என்பதே தெரியாமல் போயிருக்கும்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது? சேற்றில் ஓட்டுவதால் ஆக்ஸில் சீல் வழியாக வந்திருக்கும் என்று நினைத்தேன். இரண்டு பக்கமும் டிரம்மைச் சுற்றிப் பார்த்தோம், எண்ணெய்க் கசிவே இல்லை. எண்ணெய் வெளியே வராத இடத்தில் தண்ணீர் மட்டும் உள்ளே போயிருக்காது என்றார் சித்தப்பா. பிறகு அவர் கை கியர் ராடைப் பிடித்தது. அடியில் அதை மூடியிருக்கிற ரப்பர் உறை, பூட் என்பார்கள், பார்வைக்கு முழுசாக இருந்தது. ராடை முன்னால் தள்ளியதும் பின்பக்கம் வாய் பிளந்தது. அரை விரல் நீளக் கிழிசல். கொட்டகையில் ஒழுகும் மழைத் தண்ணீர், சேறு போக பிரஷர் பம்பால் அடிக்கும் தண்ணீர், எல்லாமே அதன் வழியாக நேரே கியர் பெட்டிக்குள். இந்த வண்டியில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய்தான். கியருக்குள் போன தண்ணீர் லிஃப்டுக்கும் போகும்.

எண்ணெய் முழுவதையும் வடித்து, பக்க மூடியைக் கழற்றி, பம்பு உறிஞ்சும் இடத்து வலையை எடுத்துக் கழுவினோம். வலையில் மஞ்சள் களிம்பு மாதிரி ஏடு படிந்திருந்தது. அடித்தட்டில் கைவிட்டு வழித்தால் விரல் தடிமனுக்குச் சேறு. டீசல் விட்டு இரண்டு தடவை அலசி, காய வைத்து, கையேட்டில் சொன்ன கிரேடில் புது எண்ணெய் ஊற்றினோம். கியர் ராடுக்குப் புது பூட் மாட்டினோம். வண்டியை எடுத்து லிஃப்டை இருபது தடவை ஏற்றி இறக்கினோம். கொஞ்சம் தேறியது. ஆனால் மத்தியானம் எண்ணெய் சூடானதும் மறுபடி அதே கதை.

இங்கேதான் பட்டறைக்காரர் சொன்ன பம்பைப் பற்றி நிஜமாகவே யோசிக்க வேண்டியிருந்தது. லிஃப்ட் தூக்கவில்லை என்றால் இரண்டில் ஒன்று. பம்பு போதுமான எண்ணெயைத் தள்ளவில்லை, அல்லது தள்ளிய எண்ணெய் வழியில் ஒழுகுகிறது. இதைப் பிரித்தறிய ஒரு செலவும் இல்லாத சோதனை இருக்கிறது. பாரத்தை எவ்வளவு முடியுமோ அவ்வளவு தூக்கி, லீவரைத் தொடாமல் இன்ஜினை அணைத்துவிட வேண்டும். பம்பு நின்றுவிடும். மேலே பூட்டப்பட்ட எண்ணெய் பிடித்துக்கொண்டிருந்தால் ஒழுகல் இல்லை, பம்பைச் சந்தேகப்படலாம். சட்டென்று இறங்கினால் பம்புக்கு மேலே எங்கோ ஓட்டை.

சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, போனில் நேரம் பார்த்தேன். எண்ணெய் ஆறியிருந்தபோது ரொட்டாவேட்டர் தரைக்கு வர 40 விநாடி. சூட்டில் 12 விநாடி. இன்ஜின் வேகத்தைக் கூட்டினால் கொஞ்சம் ஏறியதற்கும் இப்போது அர்த்தம் கிடைத்தது. ஒழுகுவதைவிட வேகமாகப் பம்பு தள்ளும்போது ஏறுகிறது. சூட்டில் எண்ணெய் நீர்த்துப்போகிறது, அதே ஓட்டையில் அதிகமாக ஒழுகுகிறது.

அடுத்து வலப்பக்க மூடியைத் திறந்து வைத்துக்கொண்டே லிஃப்டை இயக்கிப் பார்த்தோம். மூடியின் விளிம்பு வரைக்கும் எண்ணெயை முதலில் வடித்துவிட வேண்டும். மிச்சம் பம்பு முங்க இருக்கும், அது போதும். இந்த வேலையைச் செய்கிறவர்கள் தயவுசெய்து இதை மனதில் வையுங்கள்: உள்ளே தண்டு சுற்றிக்கொண்டிருக்கும், கை போகவே கூடாது. அழுத்தத்தில் பீய்ச்சும் எண்ணெய் ஊசி மாதிரி தோலுக்குள் இறங்கும், வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். விரலால் தடவி ஒழுகலைத் தேடக் கூடாது. ரொட்டாவேட்டருக்கு அடியில் இரண்டு பனைமரத் துண்டு கொடுத்திருந்தோம், யாரும் அதன் பக்கம் போகவில்லை. டார்ச்சைக் கம்பியில் கட்டி உள்ளே காட்டினோம்.

சித்தப்பா குனிந்து பார்த்துவிட்டு என்னை இழுத்து அதே இடத்தில் உட்கார வைத்தார். குத்துக்குழாயின் அடி, பம்பில் உட்காருகிற இடத்தில், மணலுக்குள்ளிருந்து ஊற்று கிளம்புகிற மாதிரி எண்ணெய் சுழித்துச் சுழித்து மேலே வந்தது. லீவரை ஏற்றும்போது பெருகியது, இறக்கும்போது அடங்கியது. அந்த வண்டியோடு இத்தனை வருடம் பழகியும் அதன் உள்ளே இப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை. ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

குத்துக்குழாயை எடுக்க லிஃப்ட் கவரைக் கழற்ற வேண்டியதில்லை. கவரின் மேலே வலப்பக்கம் இருக்கிற சின்ன மூடியைக் கழற்றினால் குழாயை மேலேயே உருவிவிடலாம். லிஃப்டை முழுக்க இறக்கிவிட்டு, இன்ஜினை அணைத்துவிட்டுத்தான் தொட வேண்டும். குழாயின் மேலும் கீழும் ஒழுகாமல் அடைக்கிற ரப்பர் வளையம், ஓ ரிங், இருக்கும். கீழ் ரிங் ரப்பராகவே இல்லை. வளைத்தால் முறிந்தது. ஒரு பக்கம் தட்டையாகி, பிளேடால் சீவியது போல ஒரு வெட்டு.

இதில் ஒரு நாள் வீணானது. அவசரத்தில், தண்ணீர் மோட்டார் சாமான் விற்கிற கடையில் அளவு ஒத்துவருகிற மாதிரி இருந்த ரிங்கை வாங்கி, எண்ணெய்கூடத் தடவாமல் குழாயை அழுத்தி இறக்கினேன். இரண்டு தடவை லிஃப்ட் ஏறியது, மூன்றாவது தடவை பழைய ஊற்று மறுபடி வந்துவிட்டது. உருவிப் பார்த்தால் பம்பின் துளை விளிம்பு ரிங்கைச் சீவிவிட்டிருந்தது. மறுநாள் மன்னார்குடியில் டிராக்டர் உதிரிபாகக் கடைக்குப் போய், பழைய குழாயையே கையில் கொண்டுபோய்க் காட்டி, எண்ணெய்க்குத் தாங்குகிற நைட்ரைல் ரிங் வாங்கினேன். துளை விளிம்பைப் பொடி எமரித் தாளால் மழுக்கி, சுத்தமாகத் துடைத்து, ரிங்குக்கு எண்ணெய் தடவி, குழாயைத் திருகிக்கொண்டே மெதுவாக இறக்கினேன். உட்காரும்போது லேசாக ஒரு பிடிப்பு கையில் தெரிந்தது. அந்தப் பிடிப்பு தெரிந்தால் சரி. வெடுக்கென்று விழுந்தாலும், சுத்தியல் தேவைப்பட்டாலும் சரியில்லை.

ஊற்று நின்றுவிட்டது. ரொட்டாவேட்டர் ஆறிய எண்ணெயில் கிண்ணென்று மேலே போனது. எல்லோருக்கும் சந்தோஷம். அண்ணன் அன்று மாலையே வயலில் இறக்கினார். ஒரு மணி நேரத்தில் போன் வந்தது. "தம்பி, பாதி வரைக்கும் ஜோரா வருது. அதுக்கு மேல திணறுது."

அந்த "பாதி வரைக்கும்" என்ற வார்த்தைதான் எங்களைக் காப்பாற்றியது. நான் சலித்துப்போய், சரி பம்பையே மாற்றிவிடலாம் என்று சொல்லிவிட்டேன். சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே, "பம்புக்குப் பாதி எது, முழுசு எதுன்னு எப்படிடா தெரியும்?" என்று கேட்டார். நியாயம்தான். லிஃப்ட் கை எந்த உயரத்தில் இருக்கிறது என்பது பம்புக்குத் தெரியாது. அது தள்ளுவது ஒரே மாதிரிதான். பாதிக்குக் கீழே பலமாகவும் பாதிக்கு மேலே பலவீனமாகவும் இருக்கிறது என்றால், அந்த உயரத்தோடு சேர்ந்து நகர்கிற பாகத்தில்தான் கோளாறு இருக்க வேண்டும். நகர்கிற பாகம் பிஸ்டன்.

இதை நிரூபிக்க ஒரு சோதனை செய்தோம். பொக்லைன் பழுதுபார்க்கும் நண்பரிடமிருந்து ஹைட்ராலிக் பிரஷர் கேஜ் கடன் வாங்கினேன். டிப்பர் டிரைலருக்கு ஹோஸ் மாட்டுவதற்கு லிஃப்ட் கவரில் ஒரு பிளக் இருக்கிறதே, அந்த இடத்தில் கேஜை மாட்டினோம். ரொட்டாவேட்டரைக் கழற்றிவிட்டு, கருவியைக் கீழே இரு பக்கமும் பிடிக்கிற கீழ் லிங்க் இரண்டையும் ஒரு தடித்த சங்கிலியால் வண்டியின் அடியோடு சேர்த்துக் கட்டினோம். சங்கிலி குட்டையாக இருந்தால் லிங்க் தாழ்வாகவே நின்றுவிடும், நீளமாக விட்டால் மேலே போய் நிற்கும். எந்த உயரத்தில் நின்றாலும் பம்பு முழு அழுத்தம் கொடுத்தாக வேண்டும். சங்கிலி அறுந்தால் ஆளைக் கொன்றுவிடும், அதனால் பின்பக்கம் யாரையும் நிற்க விடவில்லை. லீவரை ஒரு சில விநாடிக்கு மேல் பிடித்திருக்கவும் இல்லை.

எண்ணெயை நன்றாகச் சூடாக்கிவிட்டுச் சங்கிலியைக் குட்டையாகக் கட்டி லீவரை ஏற்றினேன். கேஜ் முள் 2,350 பி.எஸ்.ஐ.யில் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்) நின்றது. புது வண்டியிலேயே 2,500 அளவுதான் வரும். பம்பு உயிரோடு இருக்கிறது! அழுத்தம் அளவு மீறினால் திறந்துவிடுகிற ரிலீஃப் வால்வும் சரி. சங்கிலியை நீளமாக்கி மேலே ஏற விட்டேன். 1,050. லீவரைப் பிடித்திருக்கும்போதே முள் இறங்கிக்கொண்டிருந்தது. சித்தப்பா கேஜைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலாவது நாள் லிஃப்ட் கவரைக் கழற்றினோம். சீட், மட்கார்டு இடையில் உள்ள தகடு, லிஃப்ட் ராடுகள், கருவியை மேலே பிடிக்கிற டாப் லிங்க் எல்லாம் எடுத்து, குத்துக்குழாயை மறுபடி உருவி, சுற்றியுள்ள போல்டுகளைக் கழற்ற வேண்டும். கவர் மூன்று பேர் தூக்கினாலும் சிரமமான பாரம். புளியமரக் கிளையில் செயின் பிளாக் கட்டித் தூக்கினோம். தூக்குவதற்கு முன்னால் பக்க மூடி வழியாக உள்ளே போனில் நாலைந்து படம் எடுத்துக்கொண்டேன். கவரிலிருந்து கீழே தொங்குகிற ஒரு கட்டுப்பாட்டு லீவர், பம்பின் வால்வுக் கையில் உள்ள ரோலரோடு எப்படிச் சேர்ந்து நிற்கிறது என்பதற்காக. மாட்டும்போது அந்தப் படம்தான் வழிகாட்டியது.

கவரைத் திருப்பிப் போட்டு, சிலிண்டரைக் கழற்றி, பிஸ்டனை உருவினோம். சிலிண்டருக்குள் டார்ச் அடித்தால், மூடிய முனையிலிருந்து பாதி வரைக்கும் கண்ணாடி மாதிரி மினுமினுப்பு. அதற்கு மேல், திறந்த முனைப் பக்கம், அடிப்புறத்தில் செம்பழுப்பாக ஒரு துருப் பட்டை. விரலை வைத்து நகர்த்தினால் சொரசொரப்பு.

வண்டி நிற்கும்போது லிஃப்டை இறக்கித்தான் வைப்போம். அப்போது பிஸ்டன் சிலிண்டரின் மூடிய முனைக்குள் போய் உட்கார்ந்துவிடும். அந்தப் பகுதி எண்ணெய்க்குள் பத்திரமாக இருக்கும். மீதிப் பாதி வெறுமையாகத் திறந்து கிடக்கும். சிலிண்டர் இருப்பதோ எண்ணெய் மட்டத்துக்கு மேலே, காற்றில். அடியில் தண்ணீர் கலந்த எண்ணெய் சூடாகி ஆவி வரும், ராத்திரி குளிர்ந்து மேலே இரும்பில் வியர்க்கும், வியர்வை சிலிண்டரின் அடிப்புறம் போய்த் தங்கும். கோடையில் மூன்று மாதம் வண்டி சும்மா நின்றது. துரு அப்போது பிடித்திருக்கிறது. லிஃப்ட் ஏறும்போது பிஸ்டன் நல்ல பாதியைத் தாண்டித் துருப் பாதிக்குள் நுழைகிறது. அங்கே ரிங்குக்கும் சுவருக்கும் இடையில் எண்ணெய் ஒழுகிவிடுகிறது. கியர் ராடின் கிழிந்த ரப்பருக்கும் பாதியில் நிற்கிற ரொட்டாவேட்டருக்கும் நடுவில் இருந்த வழி முழுவதும் அந்தச் சின்ன இரும்புக் குழாய்க்குள் கண்ணெதிரே இருந்தது.

பிஸ்டனில் இன்னொன்று. சில பழைய வண்டிகளில் இரும்பு ரிங் இருக்கும். எங்களுடையதில் ஒரு ஓ ரிங்கும் அதோடு ஒரு பேக்கப் வாஷரும் இருந்தது. அழுத்தம் வருகிற பக்கம் ரப்பர் ரிங், அதற்கு முதுகு கொடுக்கிற மாதிரி பின்னால் வாஷர் என்றுதான் இருக்க வேண்டும். இதில் வாஷர் முன்னால், ரிங் பின்னால். முன்பு எப்போதோ யாரோ மாற்றிப் போட்டிருக்கிறார்கள். முதுகுக்கு ஆதரவில்லாத ரிங்கை ஒவ்வொரு தடவையும் எண்ணெய் இடுக்குக்குள் தள்ளித் தள்ளி, அதன் ஓரம் முழுக்க எலி கடித்த மாதிரி பொரிந்திருந்தது.

துருவை எமரித் தாளால் தேய்த்துப் பார்த்தோம். மேல்துரு போனது. ஆனால் அடியில் குழிகள். நகத்தை மெல்ல ஓட்டினால் மாட்டியது. சித்தப்பா இன்னும் தேய்க்கலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். குழி போகிற வரைக்கும் தேய்த்தால் துளை அகன்று முட்டை வடிவமாகிவிடும், புது ரிங்கும் நிற்காது. இந்த ஒரு விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்காததில் எனக்கு வருத்தமில்லை. சிலிண்டர், பிஸ்டன், ரிங் எல்லாம் சேர்ந்த செட் கடையில் கிடைத்தது. புதுப் பம்பின் விலையில் கால் பங்குகூட இல்லை.

மாட்டும்போது சிலிண்டருக்கும் கவருக்கும் இடையிலான சீல், கவரின் அடி கேஸ்கெட், குத்துக்குழாயின் இரண்டு ரிங், எல்லாமே புதிது. இத்தனை தூரம் திறந்த பிறகு பழைய ரப்பரில் ஒன்றைக்கூட விட்டுவைக்கக் கூடாது. கவரை செயின் பிளாக்கில் மெல்ல இறக்கும்போது நான் பக்க மூடித் துவாரத்தில் தலையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தொங்கு லீவர் ரோலருக்குத் தப்பான பக்கம் போய்விட்டால் லீவரை எப்படி நகர்த்தினாலும் லிஃப்ட் பேச்சைக் கேட்காது, மறுபடி முழுசும் கழற்ற வேண்டியதுதான். முதல் தடவை தப்பான பக்கம்தான் போனது. நான் "நிறுத்துங்க" என்று கத்த, இரண்டு அங்குலம் தூக்கி, கம்பியால் லீவரைத் தள்ளிப் பிடித்து, படத்தோடு ஒப்பிட்டு, இரண்டாவது தடவை சரியாக உட்கார்ந்தது. போல்டுகளை எதிரெதிராக, மூன்று சுற்றாக இறுக்கினோம்.

பின்னால் டாப் லிங்க் மாட்டுகிற இடத்தில் இருக்கிற பெரிய ஸ்பிரிங்கையும் சரிபார்த்தோம். கலப்பை ஆழமாக இறங்கி இழுவை கூடும்போது டாப் லிங்க் இந்த ஸ்பிரிங்கை அழுத்தும், அந்த அசைவு வால்வுக்குப் போய்க் கலப்பையைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். ரொட்டாவேட்டருக்கு இது தேவையில்லை, கொழுக் கலப்பைக்கு இதுதான் உயிர். முன்னும் பின்னும் ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது, ஆனால் விரலால் சுழற்றினால் சுழல வேண்டும். எங்களுடையதில் கையில் நன்றாகத் தெரிகிற அளவுக்கு ஆட்டம் இருந்தது. அப்பா பல வருடமாக, "முன்ன மாதிரி சீரா உழல" என்று சொல்லிக்கொண்டிருந்ததற்குக் காரணம் இது என்று எனக்குத் தோன்றியது. அவரிடம் சொன்னேன். எழுந்து வந்து ஸ்பிரிங்கை விரலால் சுழற்றிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஐந்தாவது நாள் புது எண்ணெய் ஊற்றி, பாரமில்லாமல் பத்து தடவை ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றி, மறுபடி சங்கிலிச் சோதனை. சூட்டில் தாழ்வாக 2,400, உயரத்தில் 2,350. ரொட்டாவேட்டரை மாட்டித் தூக்கி இன்ஜினை அணைத்தேன். முன்பு 12 விநாடியில் தரைக்கு வந்தது இப்போது அரை மணி நேரத்தில் நாலு விரற்கடை இறங்கியிருந்தது. இத்தனை பழைய வண்டிக்கு அது தாராளம்.

அன்று உச்சி வெயிலில் மேலக் கொல்லையில் அண்ணன் ஓட்டிக்கொண்டிருந்தார். வரப்புக்கு ஒரு முழம் முன்னால் லீவரைத் தட்டினார். ரொட்டாவேட்டர் சேற்றைச் சொட்டிக்கொண்டே, எங்கும் நிற்காமல், ஒரே மூச்சில் உச்சிக்குப் போனது. அவர் திரும்பி என்னைப் பார்த்துக் கையை மட்டும் தூக்கினார்.

கிழிந்த பழைய ரப்பர் பூட்டை ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். புதுப் பூட்டுக்கு மேலே சைக்கிள் டியூப் வெட்டி ஒரு பாவாடை கட்டியிருக்கிறோம். அதற்கு மேல் பிரஷர் பம்பைப் பிடிக்கக் கூடாது என்று அண்ணனிடம் சொல்லியாயிற்று. மாதம் ஒருமுறை டிப்ஸ்டிக்கை வெயிலில் பிடித்து நிறம் பார்க்கிறேன். கோடையில் வண்டி சும்மா நிற்கும் மாதங்களில், வாரம் ஒரு தடவையாவது ஸ்டார்ட் பண்ணி லிஃப்டை உச்சி வரை நாலைந்து தடவை ஏற்றி இறக்கிவிட வேண்டும், சிலிண்டரின் அந்தத் திறந்த பாதி எண்ணெய் பூசிக்கொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை என்று வைத்திருக்கிறோம். அந்த வேலையை அப்பா எடுத்துக்கொண்டார்.